நமுத்துப்போன வெடியும் கிழக்குத் தெரு ஓட்டமும்

வாய் ஓயாத என் மதினி சண்முகத்தாய்க்கு,

பந்தயம் நல்லபடியாக முடிந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்க என்னை எழுதவே விடாமல், "முடிஞ்சதா இல்லையா, அதச் சொல்லு பிள்ள" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பீங்க. முடிந்தது மதினி. யாருக்கும் கால் பிசகவில்லை, யாரும் சண்டை போடவில்லை, கடைசி ஆள் திரும்பி வருகிற வரைக்கும் யாரும் இலையில் உட்காரவும் இல்லை. மனசு இப்போதுதான் லேசாக இருக்கிறது.

ஐப்பசியில் உங்க முதல் வருச நினைவு நாளுக்கே போஸ்டர் அடிக்க வேண்டும் என்றார் உங்க தம்பி. சிவகாசி அச்சாபீஸில் அப்போது காலண்டர் ஆர்டர் தலைக்கு மேலே கிடந்தது, தள்ளிப் போய்விட்டது. இப்போது ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா நிற்கிறதாம். உங்க படத்தைப் போட்டு, கீழே இரண்டு வரி கண்ணீர் அஞ்சலி போட்டால் போதும் என்கிறார். இரண்டு வரியா? நீங்க உயிரோடு இருக்கும்போது இரண்டு வரியில் எப்போதாவது பேசி முடித்திருக்கீங்களா? நானே எழுதித் தருகிறேன், நோட்டீஸாக அடித்து ஊருக்கே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாவது வரைக்கும் படித்ததற்கு இதற்காவது உதவட்டும்.

ஊர் படிக்கப் போகிறது என்பதால், தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். நீங்க என் புருஷனின் அக்கா. பட்டாசுக் கம்பெனியில் நீங்க திரி சொருகுகிற ரூம், நான் பேக்கிங். ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்பினோம். என் கல்யாணத்தன்றே "என் தம்பிக்கு வாய் கெடையாது, உனக்கும் கெடையாது, ரெண்டு பேருக்கும் சேத்து நான் பேசிக்கிடுதேன்" என்று சொன்ன ஆள் நீங்க. அப்படியே இருபது வருசத்துக்கு மேலே பேசினீங்க.

இந்தப் பந்தயமே உங்க வாயால் வந்ததுதான். பொங்கல் விளையாட்டில் ஆம்பளைகளுக்குக் கண்மாய்க் கரை வழியாக மெயின் ரோடு வரைக்கும் போய்வருகிற ஓட்டம் உண்டு. உங்க தம்பி மைக்கைப் பிடித்து, "அடுத்தபடியாகத் தாய்மார்களுக்கு லெமன் ஸ்பூன்" என்றார். நீங்க கூட்டத்திலிருந்து எழுந்தீங்க.

"ஏலே, தெனமும் காலையில வேனைப் பிடிக்க ஓடுறோம். சாயங்காலம் வந்து தண்ணிக் குழாய்க்கு ஓடுறோம். எங்களுக்கு எதுக்குலே எலுமிச்சம்பழமும் கரண்டியும்? நெசமான ஓட்டம் விடு."

"பொம்பளைக ஓடுறத யாருக்கா நின்னு பாப்பாக?"

"யாரும் பாக்க வேண்டாம். வழிய விட்டு நின்னாப் போதும்."

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பதினோரு பேர் ஓடினீங்க. கம்பெனி ரூமுக்குள் செருப்பில்லாமல் பழகின கால், அதனால் கல்லும் முள்ளும் பெரிதாகத் தெரியவில்லை. நான் முழங்கால் வலி என்று சொல்லி நிழலில் உட்கார்ந்து உங்க செருப்பைப் பார்த்துக்கொண்டேன். மறு வருசம் இருபதுக்கு மேலே வந்தார்கள். அதற்கும் மறு வருசம் கிழக்குத் தெருவிலிருந்து பேச்சியம்மா, உங்க ரூமில் பக்கத்தில் உட்கார்ந்து திரி சொருகுவாளே அவள்தான், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பாலத்தைத் தாண்டி வந்தாள். வந்த முதல் வருசமே முதலாவதாக வந்து எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடைசியாக வருகிறவளுக்கும் ஒரு வாளி என்று சட்டம் போட்டது நீங்கதான். "முன்னால போறவளுக்குக் குடம் இருக்கு, அவ எப்படியும் ஓடிருவா. பின்னால வர்றவ பாதியில உக்காந்துறக் கூடாதுல்ல" என்றீங்க. கடைசி ஆள் வருகிற வரைக்கும் பந்தி கிடையாது என்பதும் உங்க சட்டம்தான். எத்தனை ஆம்பளைகள் அந்த ஒரு சட்டத்துக்காக உங்களைத் திட்டியிருப்பார்கள் தெரியுமா?

அச்சாபீஸ்காரர் மகள் கௌசல்யா நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடப் பாவாடையில் ஓடி மூன்றாவதாக வந்து டிபன் பாக்ஸ் வாங்கினவள். இப்போது விருதுநகரில் காலேஜ் படிக்கிறாள், மாநிலப் போட்டி வரைக்கும் ஓடிவிட்டாள். இந்தப் பொங்கலுக்கும் வந்தாள், கூடவே மூன்று காலேஜ் பிள்ளைகளையும் அவர்களுடைய பி.டி. டீச்சரையும் கூட்டிக்கொண்டு. பெரிய ஸ்டேடியத்தில் ஓடுகிறவளுக்கு இந்தப் புழுதி எதற்கு என்று கேட்டேன்.

"அங்கன நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுவாக அத்தை. இங்கனதான் பேரச் சொல்லிக் கத்துறாக. முதல் தடவ இங்கன தோத்தப்ப சண்முகத்தாய் பெரியம்ம வந்து, அடுத்த வருசம் முழங்கைய ஒடுக்கி ஓடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. அம்புட்டுதான். தோத்தா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு இங்கனதான் தெரிஞ்சுச்சு" என்றாள்.

உங்களுக்கு ஓடத் தெரியுமே தவிர, முழங்கையைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்கள்? சும்மா அடித்துவிட்டிருப்பீங்க. அந்தப் பிள்ளை இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறாள்.

எங்களைப் போன்றவர்களுக்கும் ஒன்று கிடைத்தது. மார்கழி பிறந்தால் வேன் வருவதற்கு முந்தின அரை மணி நேரம் எங்களுடையது. கண்மாய்க் கரையில் பத்துப் பதினைந்து பொம்பளைகள் நடப்பதும் ஓடுவதுமாக இருப்போம். அந்த அரை மணி நேரத்தில் யாரும் எங்களை "ஏய், அந்த வேலையப் பாரு" என்று கூப்பிட முடியாது. வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் சத்தம் கேட்காது.

இனி எனக்குச் சொல்லக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன்.

நீங்க கடைசியாக ஓடின பொங்கலுக்கு முந்தின மார்கழிக் கூட்டம். ஊர்க் கமிட்டி பந்தயத்துக்கு ரூட்டுப் பேசிக்கொண்டிருந்தது. நீங்க எழுந்து, "இந்த வருசம் ஓட்டம் பாலத்தத் தாண்டிக் கிழக்குத் தெரு வழியாப் போகட்டும். அவுக இங்கன வந்து ஓடுறாக, நாம அங்கன போய் ஓடுனா என்ன?" என்று கேட்டீங்க. கமிட்டிச் செயலாளர் தரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் ரோடு சரியில்லை, சல்லி பெயர்ந்து கிடக்கிறது, யாராவது விழுந்தால் யார் பொறுப்பு என்றார்.

"கம்பெனியில ஒரே ரூமுக்குள்ள முட்டியோட முட்டி இடிச்சு உக்காந்திருக்கோம். ஏதாச்சும் வெடிச்சா எந்தத் தெருன்னு கேட்டுட்டா வெடிக்கும்? ரோட்டுல ஓடுறதுக்கு மட்டும் தெரு பாக்கணுமா?" என்றீங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு பிள்ள, நான் சொல்றது சரியா தப்பா?" என்றீங்க.

நீங்க சொன்னது சரி என்று எனக்குத் தெரியும் மதினி. உங்க தம்பி கமிட்டியில் உட்கார்ந்திருந்தார். ஊரே என் முகத்தைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்து, முந்தானையில் ஒட்டியிருந்த லேபிள் பசையைச் சுரண்டிக்கொண்டு இருந்தேன். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. பழைய ரூட்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் நீங்க ஒன்றுமே நடக்காத மாதிரி மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தீங்க. "உப்பு கூடிப்போச்சு, உன் புருஷன் கேட்டா நீ வச்சதுன்னு சொல்லு" என்று சிரித்தீங்க. ஏன் மதினி என்னைத் திட்டவில்லை? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். அடுத்து வந்த தீபாவளி முடிந்த எட்டாம் நாள், கம்பெனி லீவில், வாசல் தெளித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்க எழுந்திருக்கவில்லை. நான் உங்களிடம் சொல்லாமல் விட்ட வார்த்தை எனக்குள்ளேயே நின்றுவிட்டது.

போன பொங்கலுக்குத் துக்கம் என்று பந்தயம் இல்லை. இந்த மார்கழியில் பொம்பளைகள் வேனில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மதினி இல்லாவிட்டால் பந்தயமும் இல்லையா என்று கேட்டாள் பேச்சியம்மா. கமிட்டி சரி என்றது, பழைய ரூட்டுதான் என்றது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நடந்தால் போதும் என்று இருந்தது. ஓட்டம் தொடங்க வெடியைப் பற்றவைக்க வேண்டியது நான் என்று முடிவானது. அதுவரைக்கும் ஒவ்வொரு வருசமும் நீங்கதானே பற்றவைத்துவிட்டு ஓடி வந்து கோட்டில் நின்றீங்க.

இப்போது என் முட்டாள்தனத்தைக் கேளுங்க. பந்தயம் மாட்டுப் பொங்கலன்று காலையில். முந்தின நாள் சாயங்காலம் அந்த வெடியை உங்க படத்துக்கு முன்னால் வைத்தேன். பெரிய வெடி, உருட்டி ஒட்டி நன்றாகக் காய்ந்த வெடி. விளக்கை மட்டும் எட்டத் தள்ளி வைத்தேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. அப்புறம் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து வெடியின் மேலேயே சுற்றினேன். பொங்கல் படைத்து, மூன்று தடவை தண்ணீர் சுற்றி, கையில் மிச்சமிருந்ததை அதன் மேலேயும் தெளித்துக் கும்பிட்டேன். இருபத்திரண்டு வருசம் பட்டாசு வேலை பார்த்தவள். மழைச்சாரல் அடித்தால் முதலில் பெட்டியை மூடு என்று அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். நெருப்பை நினைத்தேன், தண்ணீரை நினைக்கவில்லை.

காலையில் பனி இறங்கியிருந்தது. பஞ்சாயத்துத் திடலில் முப்பது பேருக்கு மேலே நின்றார்கள். நைட்டிக்கு மேலே புருஷன் சட்டை, சுடிதார், சேலை, காலேஜ் பிள்ளைகளுக்கு மட்டும் ஷூ. நீங்க வைக்கிற அதே இடத்தில், கோட்டுக்கு முப்பது அடி முன்னால், மேற்கே போகிற ரோட்டோரம் வெடியை வைத்தேன். ஊதுபத்தியால் திரியைத் தொட்டுவிட்டு ஓடி வந்தேன். திரி சரசரவென்று போனது. எல்லாரும் முன்னங்காலை ஊன்றினார்கள்.

புஸ்ஸென்று ஒரு புகை வந்தது. அதோடு சரி.

மதினி, சிவகாசிப் பக்கத்தில், முப்பது பட்டாசுக்காரிகளுக்கு முன்னால், வெடி வெடிக்கவில்லை. யாரோ ஒருத்தி சிரித்தாள். அடுத்த நொடியே சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் எங்கள் எல்லாருக்கும் ஒரே பாடம்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெடிக்காத வெடி பக்கம் போகாதே. கால் மணி நேரம் விடு, அப்புறம் எட்ட நின்று தண்ணீர் ஊற்று.

பி.டி. டீச்சருக்கு இது தெரியாது. "பரவாயில்லம்மா, நான் விசில் அடிக்கிறேன், ஓடுங்க" என்று விசிலை ஊதினார். காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர் பாய்ந்தார்கள். கௌசல்யா இரண்டு பேரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், மூன்றாவது பிள்ளையைப் பேச்சியம்மா இடுப்போடு கட்டிப் பிடித்துவிட்டாள். எங்கள் ஆட்களில் ஒருத்தர் காலும் கோட்டைத் தாண்டவில்லை.

"வேணாம் டீச்சர்" என்றாள் பேச்சியம்மா. "உள்ள நெருப்பு கனிஞ்சுக்கிட்டு இருந்தாலும் இருக்கும். எங்களுக்கு அதோட கொணம் தெரியும்."

டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே எங்களை வரிசையாகப் பார்த்தார். உங்க தம்பி மைக்கில், "தாய்மார்கள் கால் மணி நேரம் பொறுமை காக்கவும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்க பந்தயத்தை நான் எடுத்து நடத்திய முதல் வருசமே நமுத்துப்போய்க் கிடந்தது. பனியில் எல்லாரும் கையைத் தேய்த்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பேச்சியம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். கிழக்கே பாலத்தைப் பார்த்துத் திரும்பி, "எங்க தெருப் பக்கம் வெடி ஒண்ணும் கெடக்கல. அந்தப் பக்கம் வேணா ஓடுவமா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. செயலாளர் வேகமாக, "கால் மணி நேரம்தான, நிப்போம், நிப்போம். ரூட்ட மாத்த முடியாது" என்றார். பேச்சியம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. அவள் குனிந்து கால் பெருவிரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

அந்தக் குனிதல் எனக்குத் தெரியும் மதினி. கூட்டத்தில் நான் குனிந்தது அப்படித்தான். ஆனால் நான் பயந்து குனிந்தேன். அவள் எதற்குக் குனிய வேண்டும்?

எப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை. "எதுக்குக் கால் மணி நேரம்? வெடி வச்சது நானு, ஓடச் சொல்றதும் நானு. கெழக்க ஓடுங்க தாயி! பாலத்தத் தாண்டி, வெம்பக்கோட்ட ரோட்டுல புளியமரத்தத் தொட்டுட்டு வாங்க! ஓடுங்க!"

உங்க தம்பி மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அப்புறம் கௌசல்யா திரும்பினாள், டீச்சர் விசிலை ஊதினார், முப்பது பேரும் திடலில் புழுதி கிளப்பிக்கொண்டு கிழக்கே ஓடினார்கள். வாயிலிருந்து வந்துவிட்டது, இனி அங்கே நின்று யார் முகத்தைப் பார்ப்பது? நானும் ஓடினேன். முழங்கால் வலியோடு, கையில் ஊதுபத்தியோடு.

பாலத்தைத் தாண்டும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வாக்கப்பட்டு வந்து இத்தனை வருசத்தில் அந்தப் பாலத்தைத் தாண்டி நான் நடந்ததே இல்லை. பேச்சியம்மாவின் தூக்குவாளியில் என்ன குழம்பு என்று மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரியும். அவள் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று தெரியாது. இன்னொன்றும் சொல்லட்டுமா? அந்த ரோட்டில் சல்லியும் இல்லை, பள்ளமும் இல்லை. நம்ம மேற்கு ரோட்டை விட அதுதான் நன்றாக இருக்கிறது.

அந்தத் தெருவில் யாருக்கும் நாங்கள் வருவது தெரியாது. மாட்டுப் பொங்கல் காலை. மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பாதிக் கொம்பு நீலமாக நின்ற காளையை நடுரோட்டிலிருந்து இழுத்து ஓரம் கட்டினார், பிரஷ் இன்னும் கையில் இருந்தது. பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். "பந்தயம்லே! நம்ம தெருவுலலே!" என்று ஒரு சத்தம். மாடு குளிப்பாட்டிய ஹோஸைப் பிடித்து எங்கள் மேலே தண்ணீர் அடித்தார்கள். வேண்டும் வேண்டாம் என்று சொல்லவா நேரம் இருந்தது?

பேச்சியம்மாவின் மாமியாரைப் பற்றி நீங்க அடிக்கடி சொல்வீங்களே, பொம்பளைக்கு எதற்கு ஓட்டம் என்று மருமகளைக் கரித்துக் கொட்டும் என்று. அந்த அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றது. மருமகள் மூன்று வருசமாகக் குடமும் டிபன் பாக்ஸும் கொண்டுவந்து வீட்டில் வைத்திருக்கிறாள். ஆனால் அவள் ஓடி அந்த அம்மா ஒரு நாளும் பார்த்ததில்லை. எப்படிப் பார்க்கும்? ஓட்டம்தான் அந்தத் தெருவுக்குப் போனதே இல்லையே.

பேச்சியம்மாவும் கௌசல்யாவும் முன்னால் தோளோடு தோளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமியார் கண்ணை இடுக்கிப் பார்த்தது. அப்புறம் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு, "எங்க மருமகடி! முன்னால போறது எங்க மருமக! விடாத பேச்சி, விடாத!" என்று கத்திக்கொண்டே பத்து வீடு தூரம் கூடவே ஓடியது. பேச்சியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் தோள் நிமிர்ந்ததைப் பின்னால் வந்த நான் பார்த்தேன்.

புளியமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்கு மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. முன்னால் போனவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஒரு சின்னப் பொண்ணு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், நீட்டிவிட்டு வாங்குவேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். வாங்கிக் குடித்தேன். அவள் அப்படிப் பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பார்வை அவளுக்கு இந்த வயதிலேயே யாரால் வந்தது? என்னை மாதிரித் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர்களால்தானே.

திடலுக்கு வந்தபோது எல்லாரும் முடித்துவிட்டார்கள். யாரும் இலையில் உட்காரவில்லை, உங்க சட்டப்படி கடைசி ஆளுக்காகக் காத்திருந்தார்கள். கடைசி ஆள் நான்தான். உங்க தம்பி மைக்கில், "இதோ வந்துகொண்டிருப்பது..." என்று தொடங்கி என் பெயரைச் சொல்ல முடியாமல் சிரித்துவிட்டார். முப்பது பேரும் பெயர் சொல்லிக் கத்தினார்கள். என் பெயரை ஊரே அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கௌசல்யா சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கௌசல்யா முதலாவது, பேச்சியம்மா இரண்டே எட்டு பின்னால். "அக்கா மட்டும் ஷூ போட்டிருந்தா நான் ரெண்டாவதுதான்" என்று கௌசல்யா டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் பேச்சியம்மாவிடம் ஊர் விவரம், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பெரியவர்களுக்கென்று மாவட்ட அளவில் ஓட்டம் இருக்கிறதாம். பேச்சியம்மா நம்பவில்லை, ஆனால் மறுநாள் வேனில் ஷூ எங்கே வாங்கலாம் என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு வாளி கிடைத்தது. அதற்கு முன்னாலேயே உங்க தம்பி அதே வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், எட்ட நின்று வெடி மேலே ஊற்றி, நனைந்ததை அதிலேயே அள்ளிப் போட்டிருக்கிறார். பரிசு வாளியில் கரி ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா இருந்தா, உன் பேரச் சொல்ல முடியாமச் சிரிச்சதுக்கு என்னைய ஒரு மாசத்துக்குக் கேலி பண்ணியிருக்கும்" என்றார். அப்புறம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

முடிந்தது என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கணக்கு முடிக்கக் கமிட்டி கூடியது. செயலாளர் எழுந்து, "இந்தத் தடவ வெடி நமுத்துப்போனதால ஏதோ ஆகிப்போச்சு. அடுத்த வருசம் பழைய ரூட்டுத்தான்" என்றார். நல்ல மனுசர்தான், அதட்டிக்கூடப் பேசவில்லை. நடந்ததை ஒரு விபத்தாக்கி மூடி வைக்கப் பார்த்தார், அவ்வளவுதான். என் பக்கம் திரும்பி "நீ சொல்லு பிள்ள" என்று கேட்க நீங்க இல்லை.

எழுந்தேன் மதினி.

"வெடி நமுத்தது என் தப்பு. தண்ணியத் தெளிச்சது நான்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா கெழக்க ஓடச் சொன்னது தப்பு இல்ல. அத நான் தெரிஞ்சுதான் சொன்னேன். எங்க மதினி ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே எடத்துல கேட்டாக. நான் அன்னைக்கே சரின்னு சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப சொல்றேன். மதினி சொன்னது சரி. அந்தப் பக்கம் ரோடும் நல்லாத்தான் இருக்கு, நான் ஓடிப் பாத்துட்டேன்."

உட்கார்ந்தேன். என் பின்னால் ஒருத்தி எழுந்தாள், அப்புறம் இன்னொருத்தி. சத்தம் போடவில்லை, சும்மா எழுந்து நின்றார்கள். செயலாளர் உங்க தம்பியைப் பார்த்தார். உங்க தம்பி யாரையும் பார்க்காமல் நோட்டை இழுத்துப் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதைக் கூட்டத்துக்கு வாசித்தும் காட்டினார். "பெண்கள் ஓட்டம், கிழக்குத் தெரு வழி." யாரும் மறுக்கவில்லை. வாய் இல்லாதவர் என்று நீங்க சொன்ன தம்பிதான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்க படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நன்றாக அழுதேன். துக்கம் இல்லை. இரண்டு வருசமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிப் போனது. அன்றைக்கு நல்ல பசி எடுத்தது.

ஊரில் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள், வேண்டுமென்றே நமுக்க வைத்தாயா என்று. அம்மன் சத்தியமாக இல்லை. எனக்கு உங்க மேலேதான் சந்தேகம். உங்க படத்துக்கு முன்னால்தானே அது ராத்திரி முழுக்க இருந்தது?

அடுத்த பொங்கலுக்கு வெடியை உங்க பக்கத்தில் வைக்க மாட்டேன். காய்ந்த டப்பாவில் போட்டு மூடி, காலையில் நேராகக் கிழக்குத் தெருவுக்குக் கொண்டுபோய், பேச்சியம்மா வீட்டு வாசலில் கோடு போட்டு அங்கிருந்து பற்றவைப்பேன். அது வெடித்தாலும் சரி, வெடிக்காவிட்டாலும் சரி, ஓடுங்க என்று சொல்வதற்கு எனக்கு இப்போது வாய் இருக்கிறது மதினி. நீங்க இனிமேல் எனக்கும் சேர்த்துப் பேச வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கடைசியாக ஓடி வந்து சேர்ந்த
உங்க தம்பி பொண்டாட்டி,
ராஜாத்தி